ஜூன் ஒன்றாம் தேதிப் பெண்கள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் தெருவில் இறங்கியதில்லை. நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் டிரில் டீச்சராகச் சேர்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'சிஐடி வீரலட்சுமி' என்பார்கள். அதைச் சொன்னது யார் என்றும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அதனால் 1963 ஆடி மாதத்தில் ஒருநாள் ராயப்பராஜ் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். ஊரில் புகையிலைக் கிட்டங்கி வைத்திருப்பவர். கால்பந்துக் கழகத்துக்கும் அவர்தான் தலைவர்.

"டீச்சர், சர்வதேச மகளிர் கால்பந்துப் போட்டி. மொதல் சுத்து நம்ம ஊர்ல. சிலோன்ல இருந்து வர்றாங்க, மலேயால இருந்து வர்றாங்க, பர்மால இருந்தும் வர்றாங்க. ஜெயிக்கிற ரெண்டு டீம் கொழும்புக்குப் போகும்" என்றார்.

"மெட்ராஸ் இருக்கு, மதுரை இருக்கு. திண்டுக்கல்லுக்கு எதுக்கு வர்றாங்க?"

"பொம்பளப் புள்ளைங்க பந்து ஒதைக்க அங்க யாரும் மைதானம் குடுக்கலையாம். நான் குடுக்குறேன்னுட்டேன்."

இதை நான் நம்பவில்லை. நகராட்சித் தேர்தலுக்கு அடிபோடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னைப் பிடித்து நிறுத்தியது. போட்டியை நடத்துகிற ஊருக்கு ஓர் அணி உண்டு. ஆடுகிறவர்கள் அந்த வட்டாரத்துப் பெண்களாக இருக்கவேண்டும், பதினாறு வயது நிரம்பியிருக்கவேண்டும். தகுதி பெற்று ஆடுகிறவர்களுக்கு, மெட்ராஸ் உடற்பயிற்சிக் கல்லூரியில் இடம் கொடுக்க, போட்டியை நடத்தும் மெட்ராஸ் கால்பந்துச் சம்மேளனமே சிபாரிசு செய்யும். அதைப் படித்ததும் எனக்குப் பேச்சாயியின் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் பள்ளியில் கால்பந்து வந்த கதை ஒன்றும் பெரிதில்லை. ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒன்பது பெண்கள் பஸ்ஸில் படிக்க வந்துகொண்டிருந்தார்கள். பள்ளி விடுவது நாலு மணிக்கு, பஸ் ஆறு மணிக்கு. இடையில் இரண்டு மணி நேரம் இந்த ஒன்பதும் வாசலில் நின்றால் எனக்கு நிம்மதி இருக்குமா? எவன் எந்த சைக்கிளில் வருகிறான் என்று பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும். ஆண்கள் பள்ளியில் கழித்துப்போட்ட தோல்பந்து ஒன்றை வாங்கிவந்து மைதானத்தில் போட்டு, "ஆறு மணிவரைக்கும் இதை உதைங்கடி" என்றேன். மூன்று வருஷம் உதைத்தார்கள்.

பேச்சாயி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினால் பந்து அவள் இடது காலோடு ஒட்டிக்கொண்டே போகும். தக்காளித் தோட்டத்து வரப்பில் நடந்து பழகிய கால், எந்த மேடு பள்ளத்திலும் இடறாது. அந்த வருஷம் அவள் பதினோராம் வகுப்பு. பரீட்சை முடிந்தால் தோட்டம், தோட்டம் முடிந்தால் கல்யாணம் என்று வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப நானும் ஒங்கள மாதிரி டிரில் டீச்சர் ஆகலாமா டீச்சர்?"

என் வாழ்க்கையில் என்னைப் போல ஆகவேண்டும் என்று சொன்ன முதல் பிராணி அவள்தான். அதில்கூட ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது.

கிராமத்து ஒன்பது பேர், டவுனிலிருந்து இரண்டு பேர் என்று பதினோரு பேர் சேர்ந்தார்கள். கால்சட்டை தைக்கப் போனால் தையல்காரர் முகமது பாரூக் பெண்களுக்கு அளவெடுக்க மாட்டேன் என்று காதைப் பொத்திக்கொண்டார். நானே அளவெடுத்து எழுதிக் கொடுத்தேன். எல்லாம் முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது. பாரூக் அண்ணன் தன் மனசாட்சிக்காக ஆளுக்கு நாலு விரற்கடை கூட்டியிருந்தார்.

விண்ணப்பத்தில் தாயோ தகப்பனோ கைநாட்டு வைக்கவேண்டும் என்றிருந்தது. கிராமத்துக்குப் போய் வாங்கிவந்தேன். "பள்ளிக்கூட விஷயம்" என்றேனே தவிர, வேறு ஒன்றும் விளக்கவில்லை. கால்சட்டை, கொழும்பு என்றெல்லாம் வாயைத் திறந்தால் ஊரே கூடிப் பஞ்சாயத்து வைக்கும். அவர்களும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கட்டை விரலை மையில் தோய்த்தார்கள்.

இரண்டு வாரத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரு கேள்வி: ஒன்பது பேர் ஒரே நாளில் பிறந்தது எப்படி?

பார்த்தால் ஆமாம். ஒன்பது பேருக்கும் பிறந்த தேதி 1946 ஜூன் ஒன்று. எனக்கு இது ஆச்சரியமே இல்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனால், வாத்தியார் அதன் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது. பள்ளி திறப்பது ஜூனில் என்பதால் தேதி ஜூன் ஒன்று. அந்த ஊர்ப் பள்ளியில் படித்த பாதிப்பேர் அந்தத் தேதியில்தான் பிறந்தவர்கள். கை நீளமானவளுக்கு ஒரு வயது கூடியிருக்கும், குட்டைக்கையாக இருந்தால் குறைந்திருக்கும், அவ்வளவுதான். எல்லாருக்கும் பதினாறு தாண்டிவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் மெட்ராஸ்காரர்கள் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது எப்படி என்று எனக்கு உறுத்தியது. யாரோ ஊதியிருக்கிறார்கள். யார்? ராயப்பராஜ்தான். மெட்ராஸ் காலேஜ் பெண்களைக் கொண்டுவந்து திண்டுக்கல் சட்டையை மாட்டி இறக்கிவிட்டு, கோப்பையைத் தன் கிட்டங்கியில் வைக்கப் பார்க்கிறார். இப்படி நானே ஒரு கதை கட்டி, நானே அதை நம்பவும் செய்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

வயதை விசாரிக்கச் சம்மேளனத்திலிருந்து ஓர் அம்மாள் வியாழக்கிழமை வருவதாகத் தபால் வந்தது. பெற்ற தாய்மார்களை நேரில் பார்க்கவேண்டுமாம். புதன்கிழமை சாயங்காலம் ராயப்பராஜ் மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், அந்தப் பொம்பளைங்ககிட்ட விஷயத்த நல்லா வெளக்கிச் சொல்லிட்டீங்களா? கிராமத்து ஆளுங்க, பயந்துக்குவாங்க. வேணும்னா என் கார எடுத்துக்கிட்டு இப்பவே போயி ஒரு எட்டு சொல்லிட்டு வந்துருங்க."

'ஆகா, வலையை விரிக்கிறாயா' என்று நினைத்தேன். நான் போய்ச் சொல்லிக் கொடுப்பேன், இவர் அந்த அம்மாளிடம் டீச்சர் பாடம் நடத்திவிட்டாள் என்று போட்டுக் கொடுப்பார். அதற்கு நான் ஆளில்லை.

"உண்மையைச் சொல்றதுக்கு ஒத்திகை எதுக்கு?" என்றேன்.

"ஒங்க இஷ்டம். எனக்கு என்னமோ மனசுக்குச் சரியாப் படல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவர் கார் வளைவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொன்னேன்: "நாளைக்கு அம்மாவை வரச் சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டா ஆபீசர் பாக்கணுமாம்னு மட்டும் சொல்லுங்க. ஒரு வார்த்தை அதிகமாப் பேசினவ டீமில் இருக்க மாட்டா."

பேச்சாயி மட்டும் தயங்கினாள். "எங்காத்தாவுக்கு ஆபீசருன்னாலே ஆகாது டீச்சர். நான் செத்த வெவரமாச் சொல்லிர்றேனே."

"சொன்னதைச் செய்" என்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஒன்பது தாய்மார்களும் வந்து இறங்கினார்கள். எல்லாரும் நல்ல சேலை உடுத்தியிருந்தார்கள். யார் முகத்திலும் ஈயாடவில்லை. பேச்சாயியின் அம்மா மூக்காயி முன்னால் நின்றாள். ஒல்லியான, உயரமான மனுஷி. என்னைக் கும்பிட்டாள், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை.

மெட்ராஸ் அம்மாள் தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி, கைக்கடிகாரம், தடித்த நோட்டு. டீச்சர் வெளியே இருக்கட்டும் என்றார். சந்தோஷமாக வெளியே வந்தேன். என்மேல் யாரும் விரல் நீட்ட முடியாதல்லவா?

முதலில் மூக்காயி போனாள். ஐந்து நிமிஷத்தில் வந்தாள். முகத்தில் வேர்வை. மற்றவர்களைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். அடுத்தவள் போனாள், வந்தாள். கடைசிக்காரி வெளியே வந்தபோது ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார். வரிசையாக ஒன்பது பெயர், பக்கத்தில் ஒன்பது கைநாட்டு. வயது பதிமூன்று, பதிமூன்று, பதிமூன்று. ஒருத்தி மட்டும் பன்னிரண்டரை.

"காகிதத்துல எல்லாருக்கும் பதினேழு. பெத்தவங்க வாயில எல்லாருக்கும் பதிமூணு. நான் எதை நம்பறது, நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "இவங்க யாரும் ஆட முடியாது. அவ்வளவுதான்."

நான் வெளியே ஓடினேன். எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"யார் சொல்லிக் கொடுத்தது? ராயப்பராஜா? எவ்வளவு கொடுத்தான்?"

"அது யாரு?" என்றாள் மூக்காயி.

அவள் நடிக்கவில்லை. அது எனக்கே தெரிந்தது.

"பின்ன எதுக்குப் பதிமூணுன்னு சொன்னீங்க? ஏன் மூக்காயக்கா, பெத்த மகளுக்கு வயசு தெரியாதா?"

"தெரியாமயா? சுதந்திரம் வந்த ஆடியில அவ எந்திரிச்சி நடந்துக்கிட்டிருந்தா. நல்லாத் தெரியும்." மூக்காயி இப்போதுதான் என் கண்ணைப் பார்த்தாள். "பேரு கேட்டீக, கைநாட்டு வாங்குனீக, எதுக்குன்னு சொல்லல. இப்ப ஆபீசரு வந்து வயசு கேக்குது. புள்ளைக தூக்கத்துல கொழும்பு கொழும்புன்னு பொலம்புதுக. நாங்க என்னன்னு நெனைக்கிறது டீச்சரம்மா?"

"என்னன்னு நெனச்சீங்க?"

"எங்கக்கா சொர்ணத்தைக் கொழும்புக்கு அங்கிட்டு கண்டிச்சீமைக்கு, தேயிலைத் தோட்டத்துக்கு ஆளு புடிச்சிக் கூட்டிட்டுப் போன கங்காணி பொண்டாட்டியும் ஒங்கள மாதிரித்தான் நல்ல சேல கட்டி வந்தா. பேரு கேட்டா, வயசு கேட்டா, கைநாட்டு வாங்குனா. பதினாலுக்குக் கீழ இருந்தா தேயிலைக்கு ஏத்த மாட்டாகன்னு சொன்னாக. எங்கக்காளுக்கு அப்பப் பதிமூணுதான். முழுக்கூலி கெடைக்கும்னு எங்காத்தா பதினாறுன்னு சொல்லிருச்சு." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "போனவ போனவதான். எங்காத்தா சாகுறவரைக்கும் அந்த ஒத்த வார்த்தைக்கு அழுதுச்சு. நான் எம்மகளுக்கு அதச் செய்வேனா? பஸ்ஸுல வாரப்பவே எல்லாரும் பேசிட்டுத்தான் வந்தோம். கொறச்சே சொல்லணும்னு."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். பந்து, போட்டி, காலேஜ், டிரில் டீச்சர் வேலை. சொல்லவேண்டிய நாளில் சொல்லாததை, சொல்லிப் பிரயோசனமில்லாத நேரத்தில் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூக்காயி நான் முடிக்கக் காத்திருக்கவில்லை. நேராக அறைக்குள் போய்விட்டாள்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். அவளுக்குப் பதினேழு. அந்தக் கைநாட்ட அழிச்சிட்டு வேற எழுதுங்க. வேணும்னா ரெண்டு கையிலயும் வைக்கிறேன். பத்து வெரலும் வைக்கிறேன்."

மெட்ராஸ் அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இப்ப டீச்சரோட பேசிட்டு வந்து மாத்திச் சொல்றீங்க. நான் எழுதினா, டீச்சர் சொல்லிக் கொடுத்ததா ஆகும்மா. நோட்டுல ஏறினது ஏறினதுதான்" என்றார்.

நான் எதற்குப் பயந்து வாயைப் பூட்டி வைத்தேனோ, அதுதான் நடந்தது. கெட்ட எண்ணம் என்று சொல்ல அங்கே யாரிடமும் எதுவும் இல்லை, என்னிடத்தில் தவிர.

அந்த நேரம் பார்த்துப் பேச்சாயி மைதானத்திலிருந்து ஓடிவந்தாள். கையில் பந்து. புதுக் கால்சட்டை முழுக்கப் புழுதி. தலைமையாசிரியையின் பியூன் அவளிடம் வழியிலேயே சொல்லிவிட்டிருக்கவேண்டும். அவள் கத்தவில்லை, அழவுமில்லை.

"எனக்குப் பதிமூணாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சோறு தின்றுகொண்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். "சோத்தையும் வெஞ்சனத்தையும் வச்சிட்டு நான் வெளிய போயிட்டாத்தான் சாப்புடுறா டீச்சரம்மா" என்று மூக்காயி ஒருமுறை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று சொன்னாள். நான் பேச்சாயியைக் கூப்பிட்டு, தப்பு உன் அம்மாமேல் இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். எனக்கு இருந்தது கோழைத்தனம், வேறொன்றும் இல்லை.

ராயப்பராஜ் மெட்ராஸுக்கு இரண்டு தரம் ரயிலேறிப் போய் மன்றாடிவிட்டு வந்தார். அது பலிக்கவில்லை. ஊருக்குக் கிடைத்த இடம் போகக்கூடாது என்று சம்மேளனமே மெட்ராஸ் காலேஜ் பெண்கள் ஒன்பது பேரை அனுப்பியது. பாரூக் அண்ணன் தைத்த கால்சட்டைகள் அவர்களுக்குப் போயின. தன் பங்குக்கு ராயப்பராஜ் செய்தது, எங்கள் ஒன்பது பேரையும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தெடுத்துப் போட வைத்தது. "அவங்க மைதானம் டீச்சர், அவங்க உள்ள வராம எப்படி?" என்றார். அந்த மனுஷனைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, "தேர்தல்ல நிக்கிறதுக்கு எனக்குத் தெம்பு ஏது டீச்சர்" என்றார்.

போட்டியன்று ஊரே திரண்டுவிட்டது. கன்னிவாடியிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் காய்கறி லாரிகளில் ஏறி ஆட்கள் வந்தார்கள். சிலோன் அணி எங்கள் பெயரில் ஆடிய அணியை நாலு கோல் போட்டுத் தோற்கடித்தது. கூட்டம் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தட்டியது. ஒருமுறை பந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் வெகுதூரம் போய்விட்டது. அங்கே நின்ற பேச்சாயி கையால் எடுக்காமல் இடது காலால் ஓர் உதை விட்டாள். பந்து மைதானத்தின் நடுவில் சிலோன் தலைவியின் காலடியில் போய் இறங்கியது. அந்தப் பெண் ஆட்டத்தை விட்டுவிட்டு யார் என்று திரும்பிப் பார்த்தாள்.

ஆட்டம் முடிந்து சிலோன் பெண்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூக்காயி அவர்களிடம் போனாள். பேச்சாயி பந்துப் பையோடு பத்தடி தள்ளி நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

"ஏம்மா, ஒங்கள்ல தேயிலைத் தோட்டத்துப் புள்ளைக யாரும் இருக்கீகளா?"

"நான் அட்டன் பக்கம்" என்றாள் அந்தத் தலைவி.

"எங்கக்கா ஒருத்தி அங்க போனா. சொர்ணலட்சுமி. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. எடது புருவத்துல வெட்டுக்காயம் இருக்கும்."

அந்தப் பெண் யோசித்துப் பார்த்துவிட்டு, "எங்க தோட்டத்தில இல்ல. ஆனா பக்கத்துத் தோட்டங்கள்ல இந்தப் பக்கத்து ஆக்கள் கனபேர் இருக்கினம். ஆராவது நேர வந்து விசாரிச்சாத் தெரியும்" என்றாள். பிறகு பேச்சாயியைக் காட்டி, "அந்தப் பிள்ளை ஆர்? நல்லா அடிக்கிறா. அவ ஏன் ஆடேல்ல?" என்று கேட்டாள்.

மூக்காயி திரும்பி மகளைப் பார்த்தாள். மெட்ராஸ் அம்மாளும் சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்காயி அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளுக்கு வயசு பத்தலம்மா" என்றாள்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அவளுக்குப் பதினேழு வயசு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினேன். "வயசு பத்தாம இல்ல. இந்தத் தாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ ஆடியிருப்பா. சொல்ல வந்த பிள்ளையையும் நான்தான் மிரட்டி வாயை அடைச்சேன். இவங்களை நான் நம்பல. அதான் நடந்தது."

மெட்ராஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பேச்சாயி பந்துப் பையைக் கீழே வைத்தாள். அம்மாவிடம் போய் அவள் கையைப் பிடித்தாள். "வா ஆத்தா, பஸ்ஸு போயிரும்" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு மகள் பேசிய முதல் பேச்சு அது. மூக்காயி மைதானத்திலேயே நின்று அழுதாள். மகள் அவள் கண்ணைத் துடைத்துக் கூட்டிப்போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள் பள்ளிக்கு வந்தாள். நாலு மணிக்கு மேல் மைதானத்துக்கு மட்டும் வரவில்லை. நான் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று "வணக்கம் டீச்சர்" என்பாள். பரீட்சை எழுதினாள், பாஸானாள்.

அடுத்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஒட்டன்சத்திரம் பக்கம். பள்ளியில் எல்லா டீச்சர்களுக்கும் மஞ்சள் தடவிய பத்திரிகை தபாலில் வந்தது. எனக்கு வரவில்லை. தபால்காரர் மலைச்சாமி எங்கேயாவது தவறவிட்டிருப்பாரோ என்று சந்தேகப்பட்டு, அவர் சைக்கிளை மறித்து இரண்டு நாள் கேட்டேன்.

"வந்திருந்தா குடுக்காம வச்சு நான் என்ன பண்ணப்போறேன் டீச்சர்?" என்றார் அவர்.